கரிசல் காட்டுப் பிள்ளைகளும் கப்பல் மேற்படிப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் பாலவநத்தம் இருக்கிறது. அந்த ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் என்றால், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அவர் ஒரு கப்பல் கம்பெனிக்கும் தலைவராக இருந்தார். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிதான் அது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை எடுத்துக்கொண்டார். கம்பெனிக்கு உயிராக நின்ற வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தது ஒட்டப்பிடாரத்தில். அதுவும் மானாவாரிக் கரிசல் பூமிதான். தென்னாட்டுக் கப்பல் வரலாற்றின் பேர்பெற்ற அத்தியாயத்தை எழுதியவர்களில் பாதிப் பேர் கடலோரத்தில் பிறந்தவர்கள் இல்லை.

கொழும்புக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்குவதோடு அந்தக் கம்பெனி நின்றுவிட நினைக்கவில்லை. இந்தியர்களுக்கும் மற்ற ஆசிய நாட்டவர்களுக்கும் கப்பல் ஓட்டவும் கட்டவும் பயிற்சி தருவது அதன் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு நேரம் வாய்க்கவில்லை. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கடி கொடுத்து அதை நிறுத்தியது. பிறகு கலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் 1907இல் வந்தன. உடனே கட்டணப் போர் மூண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இந்தக் கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி ஆவணங்களோடு விரிவாக எழுதியிருப்பதால் இங்கே நீட்ட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம். கலியாவும் லாவோவும் கடலில் மூழ்கவில்லை. இயந்திரக் கோளாறால் நின்றுபோகவில்லை. குத்தகை ஒப்பந்தம், கட்டண நிர்ணயம், துறைமுக அதிகாரிகளின் பாரபட்சம், கடைசியாக ராஜத்துரோகச் சட்டம் என்று எல்லாம் காகிதத்தில் நடந்தவை. கப்பலை வாங்கியவர் ஒரு வக்கீல். அவருக்கு எதிராக நின்றதும் சட்டப் புத்தகம்தான்.

நூறாண்டுக்குப் பிறகும் நம் கணக்கு அதே இடத்தில்தான் இடறுகிறது என்பது என் எண்ணம். கப்பலில் வேலை பார்க்க ஆள் அனுப்புகிறோம். கப்பலை வடிவமைக்கவும் கப்பலுக்கு விதி எழுதவும் அனுப்புகிற ஆட்கள் மிகச் சிலர்.

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, பரளச்சி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து. எதுவும் போடாத நிலத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொள்ளும். அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். நேர்கோட்டில் அளந்தால் வேம்பாற்றுக் கடற்கரை ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இங்கே படித்த பிள்ளைகளின் கண் கடல் பக்கம் திரும்புவதில்லை. பட்டாளம், போலீஸ், திருப்பூர், சென்னை, வளைகுடா என்றுதான் போகும். அருப்புக்கோட்டையிலும் சிவகாசி, ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில் பக்கமும் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மெக்கானிக்கல் படித்தவர்கள் இல்லாத தெரு இல்லை. அந்த மெக்கானிக்கல் பட்டமே கப்பலுக்குள் நுழைய ஒரு நேர்வழி என்பது அவர்களில் பலருக்குப் படிப்பு முடிந்து பல வருடம் கழித்து, வயது வரம்பு தாண்டிய பிறகுதான் தெரியவருகிறது.

அந்த வழிக்குப் பெயர் ஜிஎம்இ. பட்டதாரிகளுக்கான கடற்பொறியியல் பயிற்சி. மெக்கானிக்கல் பட்டம், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம், பொதுவாக 28 வயதுக்குள் சேர்க்கை, மருத்துவத் தகுதி. நிறக்குருடு இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறியாதவரை இயந்திர அறைக்குள்கூட விடமாட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி, பிறகு ஆறு மாதம் கப்பலில் பயிற்சிப் பணி. அதன்பின் எம்எம்டி எனப்படும் வணிகக் கடற்துறை அலுவலகம் நடத்தும் ‘கிளாஸ் ஃபோர்’ தேர்வு. எழுத்துத் தேர்வைவிட நேர்முகத்தில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். அதைத் தாண்டினால் ஃபோர்த் இன்ஜினீயர். கிளாஸ் டூ எழுதினால் செகண்ட், கிளாஸ் ஒன் எழுதினால் சீஃப். இந்தச் சான்றிதழ்களுக்கு அடிப்படை 1978ஆம் ஆண்டின் எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கை. அதனால்தான் சென்னையில் எழுதிய தேர்வை வைத்துக்கொண்டு பனாமாக் கொடிக் கப்பலில் வேலை பார்க்க முடிகிறது. பள்ளிப் படிப்பு முடித்ததுமே வர விரும்பினால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. 2008இல் தொடங்கிய அந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னைக்குத் தெற்கே, உத்தண்டி பக்கம். கொல்கத்தா, மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி வளாகங்கள் அதற்குள் அடக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே கானாத்தூரில் 1993இல் தொடங்கிய ஏமெட் இருக்கிறது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், கட்டணம் அதற்கேற்றாற்போல.

வேலை எப்படிப்பட்டது? பெரிய சரக்குக் கப்பலின் முதன்மை இயந்திரம் மூன்று நான்கு மாடி உயரம் நிற்கும். நிமிடத்துக்கு எண்பது, நூறு சுற்றுதான் சுற்றும். அந்த நிதானமான சுற்றில் ஆயிரக்கணக்கான டன் சரக்கு நகர்கிறது. நிறுத்திவைத்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தால் ஆள் உள்ளே இறங்கி வேலை பார்க்கலாம். எரிக்கும் எண்ணெய் சாதாரண வெப்பத்தில் தார் பதத்தில் இருக்கும். அதை நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் பீய்ச்ச வரும். எண்ணெயிலிருந்து தண்ணீரையும் கசடையும் பிரிக்கும் பியூரிஃபையர் அறையில் வெப்பமும் இரைச்சலும் சேர்ந்து ஆளை உருக்கிவிடும். அதிகாரிகளுக்கு நாலு முதல் ஆறு மாத ஒப்பந்தம், கீழ்நிலை ஊழியர்களுக்கு ஒன்பது மாதம்வரை. நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாள் 182க்குக் குறைவாக இருந்தால் அந்தச் சம்பளத்துக்கு இந்தியாவில் வருமான வரி விழாது. ஊரில் ‘கப்பல்காரர் வீடு’ ஏன் சீக்கிரம் எழும்புகிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. பிள்ளை பிறந்ததைக் கைப்பேசியில் பார்த்த அப்பாமார்களின் கணக்கு அந்தச் சம்பளச் சீட்டில் வராது.

இது வரைக்கும் சான்றிதழ் ஏணி. உலகக் கப்பல் ஊழியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்தியர் என்று பெருமையாகச் சொல்வதெல்லாம் இந்த ஏணியின் கணக்கை வைத்துத்தான். இன்னொரு ஏணி இருக்கிறது. அது பட்டமேற்படிப்பு வழியாகக் கப்பல் வடிவமைப்பு, கடற்சட்டம், துறைமுக நிர்வாகம், கடற்கொள்கை என்று போவது. முதல் ஏணியில் ஏறுகிறவர் விதிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறார். இரண்டாவதில் ஏறுகிறவர் விதி எழுதும் அறையில் உட்காருகிறார்.

இரண்டுக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க ஒரு நடப்பு போதும். கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதம்வரை இருக்கலாம் என்பது 2019 முடிய இருந்த விதி. 2020 ஜனவரி 1 முதல் அது 0.5 சதவீதம். இந்தத் தேதியை உறுதிசெய்த முடிவு 2016 அக்டோபரில் லண்டனில், சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் குழுக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது. ஒரு எண்தான் மாறியது. அந்த எண்ணுக்காக ஆயிரக்கணக்கான கப்பல்களில் தொட்டிகளைக் கழுவினார்கள். புகைபோக்கிக்குள் கழுவும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஒத்துவராத எண்ணெய்கள் கலந்து ஃபில்டர் அடைத்துக்கொண்ட இரவுகளில் இளநிலை இன்ஜினீயர்கள் தூங்கவில்லை. அந்தக் கூட்ட அறையில் நம் தரப்பில் இயந்திரமும் தெரிந்து சட்டமும் தெரிந்தவர் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கண்மாய்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. கலுங்குக் கல்லின் உயரம் ஒரு பொறியியல் கணக்கு. கரை எவ்வளவு தாங்கும், மறுகால் எவ்வளவு போக வேண்டும் என்பதைப் பார்த்து வைத்தது. அதே கல் ஒரு சட்டமும்கூட. யாராவது ராத்திரியோடு ராத்திரியாக மணல் மூட்டை அடுக்கி அதை ஓரடி உயர்த்தினால், மேற்கே நீர்ப்பிடிப்பில் இருப்பவன் வெள்ளாமை மூழ்கும். கீழே அடுத்த கண்மாய் காயும். மறுநாள் பஞ்சாயத்து கூடும். கப்பலின் பக்கவாட்டில் பெயின்ட் அடித்த பிலிம்சால் கோடு அப்படிப்பட்டது. ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் கோடு, பக்கத்தில் ஏணிப்படிபோல் சின்னச் சின்னக் கோடுகள். வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. ஆற்றுத் தண்ணீர் கடல் நீரைவிட அடர்த்தி குறைந்தது; அதில் கப்பல் கூடுதலாக அமிழும்; அதற்கு இடம் கொடுத்து நன்னீர்க் கோடு மேலே இருக்கும். கோடு எங்கே விழ வேண்டும் என்பதைக் கப்பலின் நீளம், ஆழம், வயிற்றுப் பருமன், மேல்தளக் கட்டுமானம் எல்லாம் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கோடு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 1876இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்தது. சாமுவேல் பிலிம்சால் என்ற உறுப்பினர் பல வருடம் கத்தியதால் வந்தது. அதற்கு முன் இன்சூரன்ஸ் பணத்துக்காக ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறி ஏற்றி அனுப்பிய முதலாளிகள் இருந்தார்கள். கப்பல் போனால் அவர்களுக்கு லாபம். உள்ளே இருந்தவன் போனான். இன்று உலகம் முழுக்கச் செல்லும் கோட்டுக்கு 1966ஆம் ஆண்டு உடன்படிக்கை அடிப்படை. தூத்துக்குடியில் சரக்கு ஏறும்போது கப்பல் மெல்ல மெல்ல அந்தக் கோட்டை நோக்கி இறங்கும். கோடு நனைந்தால் ஏற்றுவதை நிறுத்த வேண்டும்.

கணக்குப் போடுகிறவரும் கட்டாயம் கொண்டுவருகிறவரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு விபத்துகளில் பார்த்தோம். 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பிடபிள்யூ மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெய்க் கசடை மாணவர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டம் ஏட்டில் இருந்தது. கடற்கரைக்கு வந்தது வாளிதான்.

இரண்டாவது, 2025 மே 25. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன லைபீரியக் கொடிக் கப்பல் எம்எஸ்சி எல்சா 3, 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. ஊழியர்கள் எல்லோரும் உயிர் தப்பினார்கள். ஆனால் கன்டெய்னர்களிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையெங்கும் ஒதுங்கி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரைக்கும் வந்தன. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்துவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மூழ்கிய கப்பலுக்குப் பதில் மிதக்கிற கப்பலைக் கைதுசெய்ய முடிகிறது என்றால் அதற்கு 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குகள் சட்டம் காரணம். அந்த அதிகாரம் உள்ள எட்டு உயர் நீதிமன்றங்களில் சென்னையும் ஒன்று.

இந்த ஒரு வழக்குக்கு எத்தனை வகைப் படிப்பு தேவைப்படுகிறது பாருங்கள். கப்பல் ஏன் சாய்ந்தது, பெட்டிகளை அடுக்கிய முறையா, நிலைநீர்த் தொட்டிகளா என்று சொல்ல நேவல் ஆர்க்கிடெக்ட் வேண்டும். உரிமையாளர் யார், கொடி நாட்டுக்கு என்ன பொறுப்பு, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டா, கப்பல் சிதிலத்தை அகற்றும் நைரோபி உடன்படிக்கை எதுவரை பொருந்தும் என்று வாதாடக் கடற்சட்ட வக்கீல் வேண்டும். மணிகள் எந்த நீரோட்டத்தில் எங்கே போகும் என்று கணிக்கக் கடலியலாளர் வேண்டும். மீன்பிடித் தடையால் மீனவனுக்கு எவ்வளவு நட்டம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ளும்படி கணக்கெழுதப் பொருளாதாரம் படித்தவர் வேண்டும். நட்டக் கணக்கு பலவீனமாக இருந்தால் வழக்கு பலவீனம். நம் கடற்கரையில் மீனவர் சங்கங்களிடம் கோபம் இருக்கிறது, நியாயம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில், வரைபடத்தோடு, அட்டவணையோடு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

பாக் நீரிணைச் சிக்கலும் இதே ரகம். 1974, 1976 ஆண்டுகளின் எல்லை உடன்படிக்கைகளை மேடையில் பேசாத கட்சி இல்லை. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றது. இலங்கை 2017இல் இழுவை மடி மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் படித்து, ராமேஸ்வரம் விசைப்படகுக்காரருக்கும் யாழ்ப்பாணத்து வள்ளக்காரருக்கும் நாளைக்கு என்ன வழி என்று ஆராய்ந்த முதுகலை ஆய்வேடுகள் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுக்குப் பத்தாவது வர வேண்டாமா?

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு வருவோம். கப்பல் வடிவமைப்பில் நாட்டின் பழைய துறை கரக்பூர் ஐஐடியில், 1952 முதல். சென்னை ஐஐடியின் கடற்பொறியியல் துறை 1977இல் ஒரு மையமாகத் தொடங்கியது. இப்போது தையூர் வளாகத்தில் பெரிய அலைத் தொட்டி அமைத்திருக்கிறார்கள். துறைமுகம், நீர்வழி, கடற்கரை ஆகியவற்றுக்கான தேசியத் தொழில்நுட்ப மையமும் அங்கேதான். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறை உண்டு. கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகத்தில் எம்டெக் உண்டு. 2022 முதல் கேட் தேர்விலேயே கப்பல் கட்டுமானத்துக்கும் கடற்பொறியியலுக்கும் சேர்த்துத் தனித் தாள் வந்துவிட்டது. கேட் எழுதி இடம் பிடித்தால் உதவித்தொகையோடு படிக்கலாம் என்பது ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு முக்கியமான செய்தி. பள்ளிக்கரணையில் 1993 முதல் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்குகிறது. இப்படிப் படித்தவர்களுக்கு வேலை தரும் இடங்களில் அது ஒன்று. மும்பையில் 1975இல் தொடங்கிய இந்தியக் கப்பல் பதிவேடு நிறுவனம், காட்டுப்பள்ளிக் கப்பல் தளம், துறைமுகங்கள், கடல் காப்பீட்டு நிறுவனங்கள் என்று பட்டியல் நீளும்.

கொள்கைப் பக்கம் வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடனின் மால்மோ நகரில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1983இல் ஐஎம்ஓ தொடங்கியது. தொடங்கக் காரணமாக இருந்தவர் அப்போது ஐஎம்ஓவின் பொதுச் செயலாளராக இருந்த சி.பி.ஸ்ரீவாஸ்தவா என்ற இந்தியர். வளரும் நாட்டு அதிகாரிகள் விதி எழுதும் மேசைக்குப் படித்து வர வேண்டும் என்பது அவர் எண்ணம். பதினான்கு மாத முதுகலைப் படிப்பு. பெரும்பாலும் உதவித்தொகையில் வருகிறவர்களே படிக்கிறார்கள். மால்டாவில் 1988 முதல் கடற்சட்டக் கழகம் நடக்கிறது. குஜராத் 2017இல் தனியாகவே ஒரு கடல்சார் பல்கலைக்கழகம் கண்டு, கடற்சட்ட முதுகலையை நடத்துகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாடு இதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டாலும் தப்பில்லை.

நம் தென்கடற்கரையில் கல்வி நிலையங்களே இல்லை என்று சொல்ல முடியாது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம், தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி, மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். எல்லாம் மீனையும் பவளத்தையும் தண்ணீரையும் படிப்பவை. நல்ல வேலை செய்கிறார்கள். கப்பலும் சட்டமும் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது ஏன் இந்த அவசரம்? 2025 ஒரு திருப்பம். வணிகக் கப்பல், துறைமுகம், கடலோரக் கப்பல், சரக்கேற்றம், சரக்குச் சீட்டு ஆகிய ஐந்துக்கும் அந்த ஆண்டு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. புதிய துறைமுகச் சட்டம் வரும்வரை நாம் வைத்திருந்தது 1908ஆம் ஆண்டுச் சட்டம். வ.உ.சி.யைச் சிறையில் தள்ளிய அதே ஆண்டில் போட்டது. சரக்குச் சீட்டுச் சட்டமோ 1856ஆம் ஆண்டுக்காரன். புதுச் சட்டங்களுக்கு விதிகள் எழுத வேண்டும், வழக்குகள் வரும், விளக்கங்கள் தேவைப்படும். அடுத்த பத்து வருடம் இதில் தேர்ந்த வக்கீலுக்கும் அதிகாரிக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு லட்சம் கோடி ரூபாய் சரக்குக் கட்டணம் போகிறது என்று அந்த மாதம் பிரதமரே பாவ்நகரில் சொன்னார். பக்கீர் சேட் 1906இல் இரண்டு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்தது எந்தக் கோபத்தில் என்று இப்போது புரியலாம். தூத்துக்குடியில் கொச்சி ஷிப்யார்டும் மஸகான் டாக்கும் தலா 15,000 கோடியில் கப்பல் கட்டும் தளம் அமைக்க மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஒப்பந்தம் எல்லாம் தளம் ஆகிவிடாது. சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலையில் மதுரையில் பிரதமர் தொடங்கிவைத்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் தளம் வந்தால், வெல்டர்களும் ஃபிட்டர்களும் உள்ளூரிலிருந்து போவார்கள், வரைபடம் போடுகிறவர் வெளியூரிலிருந்து வருவார் என்ற ஏற்பாடு தானாக அமைந்துவிடும். அதைத் தடுக்க இப்போதே படிக்க வைக்க வேண்டும்.

இன்னொன்று, நம் மண்ணோடு நேரடியாகத் தொடர்புள்ளது. கப்பல்கள் உலகின் பசுங்குடில் வாயுவில் ஏறத்தாழ மூன்று சதவீதத்தை வெளிவிடுகின்றன. 2050ஐ ஒட்டி நிகர பூஜ்யத்துக்கு வருவது என்று ஐஎம்ஓ 2023இல் இலக்கு வைத்தது. அதற்கான கட்டண ஏற்பாட்டை 2025 அக்டோபரில் நிறைவேற்ற முடியாமல் ஓராண்டு தள்ளிவைத்தார்கள். பெரிய நாடுகளின் இழுபறி. எண்ணெய்க்குப் பதில் பசுமை மெத்தனால், அம்மோனியா என்ற பேச்சு ஓய்வதாக இல்லை. இவற்றுக்கு அடிப்படை ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு அடிப்படை மலிவான மின்சாரம். எம்.ரெட்டியபட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கும் கமுதி பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் சிறிய பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையம் தொடங்கி, தெருவிளக்குக்கும் வாகன மின்னேற்றத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். நாளைய கப்பல் எரிபொருள் இந்த வட்டாரத்து வெயிலிலிருந்து வரக்கூடும் என்பது வெறும் கனவில்லை.

ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படியே ஒன்பது லிட்டர் சுத்தத் தண்ணீர் வேண்டும். நடைமுறையில் அதற்கு மேல் ஆகும். அந்தத் தண்ணீர் கடலிலிருந்து சுத்திகரித்து வருமா, குண்டாற்றுப் படுகையின் நிலத்தடியிலிருந்து வருமா? தரிசு என்று எழுதப்பட்ட நிலம் யாருடைய மேய்ச்சல் நிலம்? அம்மோனியா கசிந்தால் இயந்திர அறையில் நிற்பவன் கதி என்ன? ஒன்று தண்ணீர்க் கொள்கை, இன்னொன்று நிலக் கொள்கை, மூன்றாவது கப்பல் பாதுகாப்பு. மூன்றையும் ஒரே ஆய்வேட்டில் எழுதத் திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைக்கு இருக்கிற தகுதி லண்டனில் இருப்பவருக்கு இல்லை. வெயிலையும் தெரியும், தண்ணீர்ப் பஞ்சத்தையும் தெரியும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உலகக் கப்பல் ஊழியரில் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் சொச்சம். சென்னைப் பெண் ரேஷ்மா நிலோபர் ஹூக்ளி ஆற்றில் கப்பல்களை வழிநடத்தும் பைலட்டாக இருக்கிறார். 2019இல் நாரி சக்தி விருது பெற்றவர். கப்பல் ஏற வீட்டில் சம்மதிக்காவிட்டாலும் வடிவமைப்பும் சட்டமும் கரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள்தான். கணக்கில் கெட்டியான பெண்ணை பி.எட். சேர்க்கும் முன் இதையும் யோசிக்கலாம்.

பெற்றோருக்கு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்து, போலிச் சான்றிதழோடு ஏதோ ஒரு துறைமுகத்தில் சம்பளமில்லாமல் கைவிடப்பட்ட இளைஞர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மத்தியக் கப்பல் துறைத் தலைமை இயக்ககம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணையும் பயிற்சி நிலையத்தின் அங்கீகாரத்தையும் அந்த இயக்ககத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம், காசு செலவில்லை. வேலை வாங்கித் தரப் பணம் கேட்பதே சட்டவிரோதம். படிப்பை முடித்தும் கப்பல் கிடைக்காமல் இரண்டு வருடம் காத்திருக்கிறவர்களும் உண்டு. எந்தக் கம்பெனி பயிற்சியிடம் உறுதி தருகிறது என்று கேட்காமல் கல்லூரிக் கட்டணம் கட்டக் கூடாது.

தூத்துக்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி வ.உ.சி. பெயரிலேயே இருக்கிறது. அங்கே கப்பல் வடிவமைப்பில் ஒரு எம்டெக், அதோடு சேர்த்துச் சட்டம் படித்தவர்களும் பொறியியல் படித்தவர்களும் ஒரே வகுப்பில் உட்காரும் கடற்கொள்கை முதுகலை ஒன்று, இரண்டையும் மாநில அரசு தொடங்க வேண்டும். ஆண்டுக்கு முப்பது முப்பது பேர் போதும். விருதுநகரும் ராமநாதபுரமும் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருப்பவை. அந்த மாவட்டங்களின் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இடமும் உதவித்தொகையும் ஒதுக்க வேண்டும். இதற்கு 15,000 கோடி தேவையில்லை. அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் இதைக் கேட்க வேண்டிய பொறுப்பு தூத்துக்குடி உறுப்பினருக்கு மட்டும் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி உறுப்பினர்களுக்கும் உண்டு. ஓட்டுக் கேட்டு வரும்போது வாக்காளர்கள் நினைவூட்டுங்கள்.